சிலுவை முகத்தில் நான் போட்ட லோஷன்

முடிதிருத்துவோர் சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் போன வாரம் வீடு தேடி வந்தார்கள். சங்கத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். தூத்துக்குடியில் நாற்பது வருஷம் கத்தி பிடித்தவன் என்பதால், தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரவேண்டும் என்றார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு யோசித்துப் பார்த்தேன். நல்ல வார்த்தை ஒன்றும் கைவசம் இல்லை. ஒரு மனிதனிடம் நான் சொன்ன ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

கத்தி பிடிப்பதைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தீட்டுகிற வேலையே உங்களுக்குக் கிடையாது. பிளேடை மாற்றிக்கொள்கிறீர்கள், கொடுத்துவைத்தவர்கள். சவரம் முடிந்து துண்டால் ஒற்றி எடுத்த பிறகு முகத்தில் எதைப் போடுகிறோம் என்பதுதான் நான் பேச வந்தது. உங்கள் அலமாரியில் பத்துப் பதினைந்து பாட்டில் நிற்கிறது. வருகிறவர் மோந்து பார்த்து இதைப் போடு என்கிறார், நீங்களும் கையில் ஊற்றித் தட்டிவிடுகிறீர்கள். சின்ன விஷயம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எழுபதுகளில், புதுத் துறைமுகம் வந்து பெரிய கப்பல்கள் நேராகக் கரையில் கட்ட ஆரம்பித்த சமயம். நான் வேலை பார்த்த கடையில் மூன்று நாற்காலி. நடு நாற்காலி என்னுடையது. முதலாளி வாசலோரம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். துறைமுகத்து ஆபீசர்களும் கப்பல் ஏஜென்சிக்காரர்களும் வருகிற கடை என்பதால் அவருக்கு அதில் ஒரு மிதப்பு உண்டு. எனக்கும் உண்டு. சவரம் முடிந்தால் படிகாரக் கல்லைத் தேய்ப்போம், பவுடர் போடுவோம். கொஞ்சம் வசதியானவர் என்றால் ஸ்பிரிட் வாடை அடிக்கும் லோஷன். அது பட்டதும் எரிய வேண்டும். எரிந்தால்தான் சுத்தமானது என்று நாங்களும் நினைத்தோம், வருகிறவர்களும் நினைத்தார்கள். சுங்க ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் இருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தால்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

அந்த நாளில் எங்கள் கடையில் கப்பல் சவரம் என்று ஒன்று உண்டு. கப்பல் வேலைக்கு மெடிக்கல் போகிறவர்கள் காலையில் கோயிலில் பூசை பார்த்துவிட்டு நேரே எங்களிடம் வருவார்கள். முடி படுத்திருக்கும் போக்கில் ஒரு தடவை, எதிர்ப்போக்கில் ஒரு தடவை, இரண்டு முறை கத்தி போட வேண்டும். கன்னத்தில் விரல் வைத்தால் வழுக்க வேண்டும். கடைசியில் வெளிநாட்டு லோஷன். அந்த மணத்தோடு போய் நின்றால், ஏற்கனவே கப்பலில் போய்வந்த ஆள் என்று நினைத்துச் சட்டென்று எடுத்துக்கொள்வார்கள் என்பது எல்லோருடைய எண்ணம். யார் கிளப்பிவிட்டதோ தெரியாது. லோஷன் வைத்திருந்தவன் நான். அதை இல்லை என்று சொல்ல எனக்கு என்ன வந்தது?

அந்த லோஷன் ஒரு கப்பல் சமையல்காரர் கொடுத்தது. நீலச் சதுர பாட்டில். அவர் ஊரில் இருந்த நாளெல்லாம் என்னிடம்தான் முடி வெட்டிக்கொண்டார், போகும்போது கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூடியைத் திறந்தால் மூன்று நாற்காலிக்கும் மணக்கும். நான் அதை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். எனக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் திறப்பேன். அந்த பாட்டிலைத் திறக்கும்போது கடையில் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். உண்மையைச் சொன்னால், அதற்காகவே சில நாள் திறந்திருக்கிறேன்.

சிலுவை எனக்கு ரொம்பப் பிடித்தவன். புன்னைக்காயல்காரன், சங்கு குளிக்கிறவன். முத்துக் குளிப்பு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. சங்குதான் அவர்களுக்குச் சோறு போட்டது. என் அப்பா ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து வாரம் ஒருநாள் புன்னைக்காயலுக்குப் போய்ச் சவரம் செய்வார். கட்டி, சொறி, சிரங்கு எது வந்தாலும் அவர்தான் மருந்து வைப்பார். நம் ஆட்கள் அன்றைக்கு வைத்தியமும் பார்த்தவர்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அந்த வைத்தியம் ஒன்றும் வராது. ஆனால் அப்பாவிடம் இருந்த நம்பிக்கையை அந்த ஊர்க்காரர்கள் அப்படியே என்மேல் வைத்திருந்தார்கள். தோலில் ஒன்று என்றால் டாக்டருக்கு முன்னால் என்னிடம்தான் காட்டுவார்கள்.

சிலுவைக்கு அந்த வருஷச் சங்கு சீசனில் காதில் ரத்தம் வந்தது. பெரியாஸ்பத்திரியில் காட்டியிருக்கிறான். ஜவ்வு இன்னும் கிழியவில்லை, இன்னும் ஒரு சீசன் தண்ணீருக்குள் இறங்கினால் இரண்டு காதும் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அதே சமயத்தில் ஒரு சரக்குக் கப்பலுக்கு ஆள் எடுத்தார்கள். ஏஜென்சி குமாஸ்தா இவன் பெயரை எழுதிக்கொண்டார். மெடிக்கலில் தேறினால் டெக்கில் வேலை. தேறாவிட்டால் மறுபடியும் சங்கு. அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

மெடிக்கல் அன்று காலை பெண்சாதியோடு வந்தான். அவள் பெயர் பிரகாசி. வெள்ளைச் சட்டையைத் துணிப்பையில் மடிப்பு கலையாமல் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"பத்து மணிக்கு அங்கன நிக்கணும் அண்ணாச்சி. பாத்து சீக்கிரம் செஞ்சு விடுங்க" என்றபடி உட்கார்ந்தான்.

"காதுக்குத்தான் பயமா இருக்கு" என்றாள் பிரகாசி வெளியிலிருந்து. "காது பாசாயிட்டா போதும் அண்ணாச்சி. இனிமே இவுகளத் தண்ணிக்குள்ள விட மாட்டேன்."

"கவலப்படாதம்மா. மாப்பிள்ளை மாதிரி அனுப்பி வைக்கேன்" என்றேன்.

அவன் கடைசியாகக் கடலில் இறங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. முகத்தைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்தது. உப்பிலும் வெயிலிலும் தோல் காய்ந்து, கன்னத்தில் செதில் உரிந்து கொண்டிருந்தது. வாய் ஓரம் இரண்டு பக்கமும் வெடிப்பு. அந்த முகத்துக்கு ஒரு தடவை மேலாகக் கத்தி போட்டு, தண்ணீரில் கழுவி அனுப்பியிருக்க வேண்டும். எதிர்ப்போக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கப்பல் சவரம் என்று வந்து உட்கார்ந்தவனுக்குப் பாதிச் சவரம் செய்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது தடவை போட்டதும் தாடையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் எட்டிப் பார்த்தது. நேரம் ஒன்பதரை. பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள். நான் இழுப்பறையைத் திறந்தேன்.

உள்ளங்கையில் ஊற்றித் தட்டினேன். அவன் கால் விரல்கள் மடங்கின. கண்ணாடியில் பார்த்தேன், கண் கலங்கியிருந்தது.

"எரியுதாலே?"

"கப்பல்ல போறவனுக்கு இதெல்லாம் ஒரு எரிச்சலா அண்ணாச்சி?" என்று சிரித்தான். "இன்னுங் கொஞ்சம் போடுங்க. டாக்டர் வரைக்கும் மணக்கணும்லா."

இன்னும் கொஞ்சம் போட்டேன். அந்த இரண்டாவது கை லோஷனை நினைக்காத நாள் எனக்கு இல்லை. அவன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போனபோது கடையே பார்த்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மதியம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தான். அந்த நேரத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அதே ஏஜென்சியைச் சேர்ந்த வேறொரு ஆபீசர். முதலாளி மேசையில் இருந்தார். பெஞ்சில் மூன்று பேர். சிலுவை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்த்து எனக்குக் கை நின்றுவிட்டது. கன்னம் இரண்டும் வீங்கி, சிவந்து, தாடை முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்திருந்தது. மேலே காது வரைக்கும் ஏறியிருந்தது.

"காது பாஸ் அண்ணாச்சி" என்றான். "மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நிறுத்திட்டாவ. தோல் வியாதியா இருக்குமோன்னு டாக்டர் கேக்காரு. ஒரே ரூம்ல ஆறு பேரு படுக்கணும், சந்தேகம் தீந்தப்புறம் வான்னு சொல்லிட்டாரு. கப்பலு கெளம்ப இன்னும் ஒம்பது நாளு இருக்காம். நீங்க பாத்துச் சொல்லுங்க. இது என்னது?"

கடை முழுக்க என் பதிலுக்காக நின்றது. ஆபீசர் கண்ணாடி வழியாக அவன் முகத்தைப் பார்த்தார், அப்புறம் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. காலையில் எடுத்த நீல பாட்டில் என் கண்ணாடிக்குக் கீழே பலகையிலேயே நின்றது. லோஷன் பட்டுத்தான் வெந்திருக்கிறது, என் தப்பு, நான் வந்து டாக்டரிடம் சொல்கிறேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் சொன்னது வேறு.

"கடல் உப்பு ரத்தத்துல ஏறியிருக்குலே. உள்ளுக்குள்ளயே கெடந்திருக்கும். இப்பத்தான் வெளிய தெரியுது."

"மத்தவங்களுக்கு ஒட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

"பாத்து இருந்துக்கோ" என்றேன்.

திரும்பத் திரும்ப வருகிறது என்று தொடக்கத்தில் எழுதினேனே, அந்த வார்த்தை இதுதான். ஒட்டும் என்றும் சொல்லவில்லை, ஒட்டாது என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதில் அந்த நிமிஷம் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம்கூடத் தெரிந்தது. சிலுவை நிலையிலிருந்து கையை எடுத்தான். தான் பிடித்திருந்த இடத்தைச் சட்டை நுனியால் துடைத்தான். அந்த வெள்ளைச் சட்டையால்தான். துடைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அன்று சாயங்காலம் பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக் கம்பவுண்டரிடம் போனேன். இந்தத் தொழிலில் எனக்கு வாத்தியார் என்று யாராவது உண்டென்றால் அவர்தான். சவரம் செய்யத் தெரியாத வாத்தியார். நடந்ததை அவரிடம் மட்டும் மறைக்காமல் சொன்னேன். அவர் தன் முன்கையை முரட்டுத் துண்டால் சிவக்கும் வரை தேய்த்தார். அதில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு கடை வேலையைப் பார்க்கப் போனார். அரைமணி நேரம் கழித்துக் கையை என் முன்னால் நீட்டினார். தடித்துச் சிவந்திருந்தது.

"ஸ்பிரிட்டும் அத்தரும் நெறையக் கெடக்கு. நல்ல தோலே இப்படி ஆகுது. நீரு உப்புல ஊறி, கத்தியில ரெண்டு தரம் சொரண்டுன தோலுல ஊத்தியிருக்கீரு" என்றார். "மணத்துக்குப் போடுதீரா, தோலுக்குப் போடுதீரா? தோலுக்கு மூக்கு கெடையாதுவே."

"இப்ப என்ன செய்ய?"

"அவன் மூஞ்சி அஞ்சாறு நாளையில தானா ஆறிரும். நீரு காலையில போய் அந்த டாக்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லும். லோஷன் பட்டு வெந்தது, வியாதி இல்லன்னு. கப்பலுக்குத்தான் இன்னும் நாளு இருக்கே."

"கடைக்குக் கெட்ட பேரு வந்துருமே."

"வரும். வராம இருக்குமா?" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு காலி பாட்டிலைக் கழுவப் போய்விட்டார்.

அதில் அவர் கலந்து கொடுத்ததுதான் பின்னால் தொழிலை விடும்வரை நான் போட்டது. பன்னீர், கொஞ்சம் கிளிசரின், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால்தான் மணம் தெரியும். பட்டதும் குளிர்ச்சியாக இருக்கும், எரியாது. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய தொழில் விஷயம் இவ்வளவுதான். புது பாட்டில் வந்தால் முதலில் உங்கள் முன்கையில் போட்டு ஒருநாள் பாருங்கள். வருகிறவருக்கு முதல் தடவை காதுக்குக் கீழே ஒரு சொட்டு வைத்துவிட்டு, மறுநாள் வரச் சொல்லுங்கள். கல்யாணம், இன்டர்வியூ என்று வந்து உட்காருகிறவர் முகத்தில் அன்றைக்குப் போய்ப் புதிதாக எதையும் போடாதீர்கள். அவர் கெஞ்சினாலும் போடாதீர்கள். எரிகிறதா என்று கேட்டால் பாதிப் பேர் கௌரவத்துக்காக இல்லை என்பார்கள். கால் விரலைப் பாருங்கள்.

இதெல்லாம் யாரும் சொல்லித் தரலாம். எனக்கு யாரும் சொல்லித் தர முடியாமல் போனது அடுத்த ஒன்பது நாள்.

மறுநாள் காலை ஏஜென்சி வாசல் வரை போனேன். யாரைப் பார்க்கவேண்டும் என்று வாட்ச்மேன் கேட்டார். டாக்டரை என்று சொல்ல வாயெடுத்து, "மேனேஜர் இன்னைக்குக் கட்டிங்குக்கு வருவாரான்னு கேட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தீர் என்றார். திரும்பி வந்துவிட்டேன். மூன்றாம் நாள் மறுபடியும் போனேன், அந்தத் தடவை வாசல் வரைகூடப் போகவில்லை. எனக்கு அப்போது இரண்டு பெண்பிள்ளைகள். கடையை விட்டு நிறுத்தினால் என்ன செய்வது என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். இன்று சொல்கிறேன், முதலாளி என்னை நிறுத்தியிருக்க மாட்டார். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்பார், அவ்வளவுதான். எனக்கு வந்தது பயம்கூட இல்லை. அந்த நடு நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற மிதப்பை விட முடியவில்லை.

ஏழாம் நாள் ஏஜென்சி குமாஸ்தா சவரத்துக்கு வந்தார். சிலுவை பெயரை எழுதிக்கொண்டவர். நான் கழுத்தில் நுரை போட்டுக் கத்தியை வைத்திருந்தேன். அவராகவே பேச்சை எடுத்தார்.

"உம்ம ஆளு சிலுவையப் பாத்தேன். மூஞ்சி சுத்தமா ஆறிட்டு. வாலே, டாக்டர்ட்ட காட்டிருவோம், எடம் இன்னும் இருக்குன்னு கூப்பிடுதேன். வரமாட்டேன்னுட்டான்."

"ஏன் சார்?"

"வெளிய ஆறிட்டு, உள்ளுக்குள்ள இருக்காம். அண்ணாச்சியே சொல்லிட்டாருங்கான். கப்பல்ல அஞ்சு பேரோட படுத்து அவங்களுக்கும் ஒட்டிட்டா யாரு பதில் சொல்லதுன்னு என்னையே கேக்கான். இந்தக் காலத்துல இப்படி ஒருத்தன்." அவர் கழுத்தை நீட்டிக் கொடுத்தார். "நல்ல மனுசன். நாளைக்குள்ள வேற ஆளப் போட்டுருவேன்."

இரண்டு நாள் பாக்கி இருந்தது. என் கத்தி அவர் கழுத்தில் இருந்தது. அவர் என் கைக்குள் உட்கார்ந்திருந்தார், ஓடிப்போகிற ஆள் இல்லை. லோஷன் செய்த கேடு தானாக ஆறிவிட்டது. நான் சொன்னதுதான் ஆறாமல் நின்றது, அதையும் எடுத்துப் போட எனக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தது. நான் சவரத்தை முடித்தேன். கம்பவுண்டர் கொடுத்ததை எடுத்துப் போட்டேன்.

"இது நல்லாருக்கே. எரியவே இல்லயே" என்றார்.

கப்பல் போனது. அடுத்த சீசனில் சிலுவை சங்குக்கு இறங்கினான். கடைப்பக்கம் அவன் வருவதில்லை. என் கத்தியும் துண்டும் அடுத்தவர் முகத்துக்குப் போகிறவை என்பதால் வருவதில்லை என்று அவன் ஊர்க்காரர்கள் சொன்னார்கள். வீட்டில் தனித் தட்டு, தனிச் செம்பு, தனிப் பாய். மகளைத் தூக்குவதில்லையாம். வியாதி இல்லாத மனிதன். இந்த இடத்தை எழுதும்போது எழுந்து போய்க் கொல்லையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஒருநாள் பிரகாசி மட்டும் வந்தாள்.

"உள்ள கெடக்கிற உப்புக்கு ஏதாவது மருந்து தாங்க அண்ணாச்சி. உங்க அப்பா குடுப்பாகளாம், எங்க மாமியா சொன்னாக."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். கம்பவுண்டர் கலந்த பன்னீரைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். சவரம் செய்ததும் முகத்தில் தடவச் சொன்னேன். மறுமாதம் வந்தாள். முகத்தில் ஒன்றும் வரவில்லை, மருந்து நன்றாகக் கேட்கிறது என்று சந்தோஷப்பட்டாள். அப்புறம் மாதா மாதம் வந்தாள். இதற்கிடையில் எரியாத லோஷன் போடுகிறவன் என்று எனக்கு ஊருக்குள் பெயர் வந்துவிட்டது. முரட்டுத் தோல், பரு முகம், சர்க்கரை உள்ளவர் எல்லோரும் என்னைத் தேடி வந்தார்கள். முதலாளி பிறகு கடையில் பாதியை எனக்குக் கொடுத்ததும் அந்தப் பெயரால்தான். சங்கத்துப் பிள்ளைகள் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்து வீடு தேடி வந்ததும் அதனால்தான்.

இரண்டாவது சீசனில் சிலுவைக்கு வலது காது போனது. நாலாவது சீசனில் இடதும் போனது. அதற்கப்புறம் அவனைத் தோணியில் யாரும் ஏற்றவில்லை. வலைக்கம்பெனி ஒன்றில் மூட்டை தூக்கினான்.

எழுபதுகள் முடியப்போகிற சமயம், மகள் முதல் தடவை நற்கருணை வாங்குகிற புதுநன்மை நாளில் பிரகாசி அவனைக் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிவந்தாள். சாயங்காலம் கோயிலில் பூசை. காலையில் கடையில் வேறு ஆள் இல்லை. "வரமாட்டேன்னாக அண்ணாச்சி. மருந்துதான் இத்தன வருசமாப் போட்டாச்சே, ஒண்ணும் ஆகாதுன்னு நாந்தான் இழுத்துட்டு வந்தேன்" என்றாள். பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, மகளுக்குப் பூ வாங்கி வருவதாக எதிர்க் கடைக்குப் போனாள்.

சிலுவை நாற்காலியின் கைப்பிடியில் கை படாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் நுரை போட்டேன். ஒரு தடவை மட்டும், முடியின் போக்கிலேயே, மெதுவாகக் கத்தியை ஓட்டினேன். ஓட்டிக்கொண்டே அவனிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு வியாதி எதுவும் கிடையாதுலே, அது என் லோஷன், நான் பொய் சொன்னேன், வாட்ச்மேனிடம் மேனேஜர் கட்டிங்கைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன், குமாஸ்தா கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன், உன் மகளை நீ தூக்கியிருக்கலாம். என் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவன் கண்ணை மூடிச் சுகமாகச் சாய்ந்திருந்தான். ஒரு சமயம் கண்ணைத் திறந்து கண்ணாடியில் என் வாய் அசைவதைப் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய? எனக்கு ரெண்டு பக்கமும் கேக்காது" என்று காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னான்.

ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். பன்னீரை எடுத்து உள்ளங்கையில் ஊற்றி அவன் முகத்தில் ஒற்றினேன். கால் விரல்களைப் பார்த்தேன், மடங்கவில்லை.

"அன்னைக்கே இந்த மருந்து உங்ககிட்ட இருந்திருந்தா நான் கப்பல்ல போயிருப்பேன், என்ன அண்ணாச்சி?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அவன் எழுந்து தான் உட்கார்ந்த நாற்காலியைத் தன் துண்டால் துடைத்தான். அதற்குள் பிரகாசி பூவோடு படியேறி வந்துவிட்டாள். என் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னமோ நெறையப் பேசிக்கிட்டு இருந்தீயளே. எதிர்க் கடையில இருந்து பாத்தேன்."

பிரகாசிக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். அவளுக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். கடையில் வேறு யாரும் இல்லை.

"சும்மா, ஊர்க் கதை" என்றேன்.

அவள் பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்து நீட்டினாள். வாங்கிக் கழுவி, பன்னீரை நிரப்பி, மூடியை இறுக்கித் துடைத்துக் கொடுத்தேன்.

"இது எப்ப அண்ணாச்சி முழுசாக் கொணமாகும்?" என்று கேட்டாள்.

"விடாமப் போட்டுக்கிட்டே இருக்கச் சொல்லு" என்றேன்.